ரைட், போலாம்! – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், 'ரிட்டயர்ட் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது?' என்று கேட்டவருக்குப் பதில் எழுதும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் வடசேரியில் ஓட ஆரம்பித்து மாத்தூர் தொட்டிப்பாலத்தில் போய் நின்றதாக ஒரு வரி சேர்த்திருந்தேன். பஸ் ரூட்டுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோதெல்லாம் வராத கடிதங்கள் அந்த ஒரு வரிக்கு வந்துவிட்டன. ஆகவே இந்த முறை முழுக்க ஓட்டம்தான். நான் டாக்டர் இல்லை, கோச்சும் இல்லை. கண்டக்டராக இருந்தவன், காலையில் ஓடுகிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

*

அந்த ஓட்டத்தை விவரமாக எழுதுங்கள். திட்டமே போடாமல் ஒருவர் அவ்வளவு தூரம் ஓட முடியுமா? சும்மா எழுதியதோ என்று எங்கள் வீட்டில் பேச்சு.
– வாசகர், தக்கலை

உங்கள் ஊர் வழியாகத்தான் ஓடினேன், நீங்கள் பார்க்கவில்லை போல.

கார்த்திகை மாசம். ராத்திரி முழுக்க மழை பெய்து விட்டிருந்தது. பார்வதிபுரம் வரை போய்த் திரும்புவதுதான் எண்ணம். மேம்பாலத்துக்குக் கீழே வந்தபோது காற்று அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது, திரும்ப மனசு வரவில்லை. சரி, சுங்கான்கடை வரை பார்க்கலாம் என்று போனேன். சுங்கான்கடையில் மண்பானைகளுக்கு மேல் பாலிதீன் விரித்து மூடி வைத்திருந்தார்கள். வலது பக்கம் வேளிமலை பாதி மேகத்துக்குள். வில்லுக்குறியில் ஒரு சாயா. அப்புறம் புலியூர்க்குறிச்சி.

இந்தப் புலியூர்க்குறிச்சி ஸ்டாப்பில் வேலைக்காலம் முழுக்க விசில் கொடுத்திருக்கிறேன். உதயகிரிக் கோட்டைக்கு ஆட்களை இறக்கி விட்டிருக்கிறேன். 1741-ல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே படை பழக்கிக் கொடுத்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். பாசி படிந்து வழுக்கியது. தொட்டுவிட்டு ஓடினேன்.

தக்கலையில் பின்னால் வந்த பஸ் என் பக்கத்தில் மெதுவானது. படியில் நின்றது என்னிடம் வேலை பழகின பையன். "எங்க அண்ணே ஓடுதிய? பஸ்ஸு கிட்டலியா? ஏறுங்க, ஏறுங்க!" என்று சத்தம். பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. கையை ஆட்டினேன். நியாயமாகப் பார்த்தால் ஏறியிருக்க வேண்டிய இடம் அதுதான். பதினைந்து கிலோமீட்டர் வந்தாயிற்று, வீட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பையன் பார்க்க ஏறுவதற்கு வெட்கமாக இருந்தது, ஆகவே ஓடினேன். அதன்பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் இந்த வெட்கம்தான், பெரிய லட்சியம் ஒன்றும் இல்லை.

அழகியமண்டபத்தில் மெயின் ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பினேன். ஐயப்ப சாமிகளின் வேன்கள் நிறைய வந்துகொண்டிருந்தன, அதுவும் ஒரு காரணம். அந்தத் திருப்பத்துக்கு அப்புறம் வேறு உலகம். மேக்காமண்டபம், வேர்க்கிளம்பி என்று ஏறி இறங்கி ஏறும் ரோடு. ரப்பர் மரங்களில் பால் பிடிக்கிற சிரட்டைகள் மழைத் தண்ணீரோடு கவிழ்க்காமல் கிடந்தன. பஸ்ஸில் இருந்தபோது இங்கே இத்தனை ஏற்றம் என்று எனக்குத் தெரியாது. டிரைவர் கியர் மாற்றுவார், நான் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பேன். வேர்க்கிளம்பியில் பூசை முடிந்து வந்த கூட்டத்துக்கு நடுவே நின்று நாலு மட்டிப்பழம் தின்றேன். ஒரு பெரியவர், "யாரையாவது தேடுதியளா?" என்று கேட்டார். இல்லை, ஓடுகிறேன் என்றேன். அவர் முகத்தில் இரக்கம் கூடியதே தவிர குறையவில்லை.

திருவட்டாறு நெருங்கும்போது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. வலி இல்லை, மூச்சும் வாங்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாதது மாதிரி. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்று சர்க்கரைச் சேமிப்பு உண்டு, சுமாராக 2,000 கலோரி. ஓடுவதற்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவு. நான் 64 கிலோ. வகுத்துப் பாருங்கள், 31 கிலோமீட்டரில் கல்லா காலி. கொழுப்பும் கை கொடுக்கும், ஆனால் மெதுவாகத்தான் கொடுக்கும். மாரத்தான் ஓடுகிறவர்கள் முப்பதாவது கிலோமீட்டரைப் பற்றிப் பயமுறுத்துவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் அது தள்ளிப்போகும். நாலு மட்டிப்பழம் எனக்குப் போதவில்லை.

மிச்சத்தை நடந்தேன். மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் காமராஜர் முயற்சியால் வந்தது. பட்டணங்கால் கால்வாயை ஒரு தொட்டிக்குள் வைத்து, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கடத்திக்கொண்டு போகிறார்கள். அதன் ஓரமாக நடைபாதை உண்டு. அந்த உயரத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தொடை இரண்டும் தானாகவே ஆடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எனக்கு உயரம் என்றால் பயம் என்று நினைத்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் மறுக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. எங்கே முடிப்பது என்று மட்டும்தான் நான் திட்டம் போடவில்லை. உடம்பு முன்பே பழகியிருந்தது. வாரம் முழுக்க ஓடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வதிபுரத்தையும் தாண்டிப் போவதுண்டு. பாக்கெட்டில் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்த நூறு ரூபாய் எப்போதும் இருக்கும். அப்புறம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் வசதி. பரப்பளவு 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லை, 2011 கணக்கெடுப்பில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று போர்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு கடை, ஒரு குழாய், ஒரு பஸ் ஸ்டாப். எங்கே வேண்டுமானாலும் ஓட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இந்த வசதி இல்லாத இடத்தில் திட்டமில்லாமல் கிளம்ப மாட்டேன்.

*

எனக்கு 34 வயது. இரண்டு பிள்ளைகள். நானும் அப்படிக் கால் போன போக்கில் ஓட ஆசைப்படுகிறேன். பெண்ணுக்கு அது நடக்குமா?
– வாசகி, கருங்கல்

இதற்கு நான் பதில் சொன்னால் அது பொய்யாக இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எந்தத் திண்ணையிலும் உட்காருகிறவன் நான். ஆகவே குளச்சல் பக்கம் ஓடுகிற என் தங்கை மகளிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"மாமா, ஞாயிற்றுக்கிழமை காலைல ஆறு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் ஓடச் சொல்லுங்க. கோயிலுக்குப் போறவிய வாறவியன்னு ரோடு நெறய பொம்பளைங்க இருப்பாங்க. அந்த நேரத்துல ஓடினா யாரும் ஒண்ணும் சொல்லதுக்கு இல்ல. தோட்டத்துக்கு நடுவுல போற ரோட்ல தனியா போகாண்டாம்னு சொல்லுங்க, பயப்படுத்துறதுக்கு இல்ல, மழ பெஞ்சா ஒதுங்க எடமில்ல. லொக்கேஷன வீட்ல ஒராளுக்கு ஷேர் பண்ணச் சொல்லுங்க. அப்புறம், மொதல் மாசம் பேசுவாவ. ரெண்டாம் மாசம் 'இன்னிக்கு லேட்டா?'ன்னு கேப்பாவ. அவ்வளவுதான்."

நான் சேர்க்க ஒன்றே ஒன்று இருக்கிறது. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எங்கே முடித்தாலும் திரும்பி வரும் செலவு உங்களுக்கு இல்லை. இந்த விஷயத்தில் நீங்கள் என்னைவிட வசதி.

*

கன்னியாகுமரி ரோட்டில் 25 கிலோமீட்டர் ஓடினேன். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று சொல்கிறார்களே என்று கண்ட கண்ட கடையில் எல்லாம் பாட்டில் வாங்கிக் குடித்தேன். கடைசியில் தலைவலி, குமட்டல், கைவிரல் வீக்கம். தண்ணீர் குடித்தும் ஏன் இப்படி?
– கல்லூரி மாணவர், சுசீந்திரம்

உங்களைப் பரிசோதிக்காமல் இதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள். ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி ஒன்று உண்டு, நம் ஊரில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, வாந்தி, கை வீக்கம், குழப்பம், முற்றினால் வலிப்பு வரை போகும். மாரத்தான் ஓட்டங்களில் இதனால் உயிர் போனதும் உண்டு. வேகமாக ஓடி முடிக்கிறவர்களைவிட, என்னை மாதிரி மெதுவாக ஓடி, நிற்கிற இடமெல்லாம் குடிக்கிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

ஆகவே தாகம் எடுத்தால் குடியுங்கள். கணக்கு வைத்துக்கொண்டு வயிற்றுக்குள் ஊற்றாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்பும் சர்க்கரையும் சேர வேண்டும். இதற்கு வெளிநாட்டுப் பவுடர் தேடிப் போக வேண்டாம். நம் ஊர்ப் பெட்டிக்கடையில், "அண்ணே, உப்பும் சீனியும் போட்டு ஒரு போஞ்சி" என்றால் எலுமிச்சம்பழம் பிழிந்து கையில் கொடுத்துவிடுவார்கள். வெளி மாவட்டத்தில் போய் போஞ்சி கேட்டால் முழிப்பார்கள் என்பது வேறு. மெடிக்கல் ஷாப்பில் ஓஆர்எஸ் பாக்கெட் கிடைக்கும், கவரில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பாட்டிலில் கொட்டிக் குலுக்குவது சரியில்லை.

இளநீரைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கம்மி. வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். இளநீர் குடியுங்கள், கூடவே உப்பு உள்ள எதையாவது தின்னுங்கள். நான் உப்புக்கடலை வாங்கிக்கொள்வேன்.

இன்னொன்று. ஓடும்போதோ ஓடி முடித்த கையோடோ வலி மாத்திரை போடாதீர்கள். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீங்கள் போட்டதாக எழுதவில்லை, ஆனால் உங்கள் வயதுப் பையன்கள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

*

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓடினால் மட்டும் போகும்போது சிறகு முளைத்த மாதிரி இருக்கிறது, வரும்போது உயிர் போகிறது. ஏன்?
– வாசகர், தோவாளை

ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் பதில் உங்கள் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே பாய்வதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். கிழக்கே ஓடும்போது அது உங்களைத் தள்ளுகிறது. திரும்பும்போது, ஏற்கெனவே களைத்த காலோடு அதை எதிர்க்கிறீர்கள். முதலில் மேற்கே ஓடி, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், வியர்க்கவே இல்லை என்று தோன்றும். அதை நம்ப வேண்டாம். கடற்கரைப் பக்கம் இதற்கு நேர்மாறு. மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கமெல்லாம் காற்றில் ஈரம் அதிகமான நாளில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு சூடு குறையாது. வேகத்தைக் குறைப்பதுதான் வழி. யாராவது ஓடிக்கொண்டிருந்தவர் உளறினாலோ தள்ளாடினாலோ நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-க்குப் போன் போடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர வைப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

*

செருப்பில்லாமல் ஓடுவதுதான் இயற்கை என்கிறார் என் நண்பர். உண்மையா?
– வாசகர், குளச்சல்

1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலில் ஓடி ஜெயித்தார். உங்கள் நண்பர் இதைத்தான் சொல்வார். அதே பிக்கிலா 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு மறுபடியும் ஜெயித்தார். இதை அவர் சொல்ல மாட்டார். கடற்கரை மணலில் கொஞ்ச தூரம் வெறுங்காலில் ஓடலாம். நம் ரோட்டோரத்தில் உடைந்த பாட்டில் கிடக்கும்வரை நான் ஷூவைக் கழற்ற மாட்டேன். ஷூவைவிட முக்கியம், தொடை இடுக்கிலும் கால்விரல் இடையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கிளம்புவது. நனைந்த துணியோடு மாத்தூர் வரை போனவன் சொல்கிறேன்.

*

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், 58 வயது. நீண்ட தூரம் ஓடலாமா?
– வாசகர், பூதப்பாண்டி

ஓடலாம் என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை. சில மாத்திரைகளும் இன்சுலினும் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய், 'ஓடுகிற நாளில் அளவு மாற்ற வேண்டுமா?' என்று கேளுங்கள். அதுவரை நடங்கள், சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொண்டு.

*

என் மகன் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் ஓடப் போகிறான். 22 வயது. எங்கே என்று கேட்டால், "தெரியாதும்மா, போற வரைக்கும்" என்கிறான். உங்கள் கட்டுரையைக் காட்டி வேறு பேசுகிறான். என்ன செய்ய?
– ஒரு தாய், இரணியல்

அம்மா, பையன் திட்டு வாங்க வேண்டியதை நான் வாங்கிக்கொள்கிறேன். போகாதே என்று சொல்லிப் பயன் இல்லை. எந்தப் பக்கம் போகிறாய் என்று மட்டும் கேளுங்கள். தூரம் தெரியாவிட்டாலும் திசை தெரியும். கிழக்கா மேற்கா என்று தெரிந்தால் எந்த பஸ்ஸில் தேடுவது என்று தெரியும்.

அப்புறம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ரோட்டின் வலது பக்கம் ஓட வேண்டும், எதிரே வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு. பாதிப் பேர் இடது பக்கம் ஓடுகிறார்கள், முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாமல். காதில் பாட்டு வேண்டாம். கறுப்புச் சட்டை வேண்டாம். விடியற்காலையில் மீன் வண்டிகள் ஏலத்துக்கு நேரமாச்சு என்று பறக்கும், நம் ரோடுகளில் வளைவும் அதிகம். ஃபௌஜா சிங் என்று ஒருவர், 2011-ல் டொராண்டோவில் நூறு வயதில் மாரத்தானை ஓடி முடித்தவர். வயசும் மூப்பும் அவரை ஒன்றும் செய்யவில்லை. 2025 ஜூலையில் ஜலந்தர் பக்கம் சொந்த ஊர் ரோட்டில் வாகனம் மோதித்தான் போனார். என் கட்டுரையைக் காட்டினால் இந்தப் பாராவையும் காட்டுங்கள்.

*

கன்னியாகுமரியிலிருந்து களியக்காவிளை வரை ஒரே நாளில் ஓடிவிடலாமா? நான் தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன்.
– வாசகர், மார்த்தாண்டம்

ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். மாரத்தானே 42.195 கிலோமீட்டர்தான். தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் என்று 1921 முதல் நடக்கும் ஓட்டத்தில் 90 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறார்கள், 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆகவே மனிதனால் முடியாதது இல்லை. ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற உங்களால் இந்த ஞாயிற்றுக்கிழமை முடியாது. வாரா வாரம் நீண்ட ஓட்டத்தை ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டுங்கள். 25-ஐத் தொட்ட பிறகு மறுபடி எழுதுங்கள்.

*

நடுவழியில் முடியாமல் பஸ் ஏறிவிட்டால் அது தோல்வி இல்லையா?
– வாசகர், அகஸ்தீஸ்வரம்

இதைப் போய் ஒரு கண்டக்டரிடம் கேட்கிறீர்களே.

*

நாய்?
– வாசகர், குலசேகரம்

கடிதத்தில் இந்த ஒரு வார்த்தைதான் இருந்தது, புரிந்துகொண்டேன். நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓடினால் துரத்தும். அதன் கண்ணை முறைக்காமல், முதுகைக் காட்டாமல் மெதுவாக நடந்து கடந்து போங்கள். குலசேகரம் சந்தைப் பக்கம் நான் அப்படித்தான் போனேன், ஐந்து நிமிடம் போயிற்று, கால் தப்பியது. கடித்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல் எழுதிக் கொடுத்த தேதிகளில் எல்லாம் போட வேண்டும். தெரிந்த வீட்டு நாய் என்று விட்டுவிடக் கூடாது.